மூன்றாவது கை: ஸ்காட் கற்ற ஒரு குளிர்காலத்தின் தோல்விக் கணக்கு

ஜெர்மனியின் லைப்சிக்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பெரியவரும் அவருடைய தங்கையும் இருக்கிறார்கள். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். சனிக்கிழமை மாலைகளில் அவர்களோடு சீட்டாட வந்துகொண்டிருந்த நண்பர் போன அக்டோபரில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஸ்காட் மூன்று பேர் ஆடும் ஆட்டம். இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நவம்பர் தொடக்கத்தில் குப்பைத்தொட்டியருகே என்னை நிறுத்தி, "உங்களுக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியுமா?" என்று பெரியவர் கேட்டார். நாகர்கோவில்காரனிடம் கேட்கும் கேள்வியா அது! கல்யாண வீட்டுப் பந்தலில் விடிய விடிய இருபத்தெட்டு ஆடியவன் நான் என்று மார்தட்டினேன். அந்த மார்தட்டலுக்கான விலை அடுத்த நான்கு மாதத்தில் அரை சென்ட் அரை சென்ட்டாகக் கழிந்தது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, வீட்டில் பழக ஒரு கட்டு தயார் செய்வது. கடைக்குப் போகவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய 52 சீட்டுக் கட்டை எடுத்து ஒவ்வோர் இனத்திலும் இரண்டு முதல் ஆறு வரை உருவினேன். இருபது சீட்டு போக மிச்சம் 32. இருபத்தெட்டுக்கும் இதே 32தான் என்பதால் கை தானாகவே வேலையை முடித்துவிட்டது. எல்லாம் தெரிந்த சங்கதிதான் என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது. என் தோல்விகளில் பாதி அந்த நினைப்பில்தான் பிறந்தன.

இருபத்தெட்டில் ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஸ்காட்டிலும் ஜாக்கிதான் பெரிய ஆள். ஆனால் பெரியவனாக இருப்பதற்கும் புள்ளி சுமப்பதற்கும் இங்கே சம்பந்தமே இல்லை. ஆஸ் 11, பத்து 10, ராஜா 4, ராணி 3, ஜாக்கி 2. ஒன்பது, எட்டு, ஏழு மூன்றும் சுழியம். ஓர் இனத்துக்கு 30, நான்கு இனத்துக்கு 120. தனியாக ஆடுபவர் 61 எடுத்தால் ஜெயம். அறுபதுக்கு அறுபது என்று முடிந்தால் தனியாளுக்குத் தோல்வி. இதை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிட்டேன். மூளை செய்துவிட்டது என்று சொல்வதே சரி, விரல்கள் செய்யவில்லை. துருப்பில் ஒன்பது வந்தபோதெல்லாம் அதைப் பொன்போலப் பொத்திப் பொத்தி வைத்தேன். மூன்றாவது சனிக்கிழமை தங்கை அம்மாள், "அந்த ஒன்பதை ஏன் அடைகாக்கிறாய்?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"அடைகாக்கிறாய்" என்று ஒருமையில் கேட்டதைக் கவனித்திருப்பீர்கள். படிக்கட்டில் நாங்கள் இன்றும் "நீங்கள்"தான். சீட்டைக் கலைத்துப் போட்ட கணத்திலிருந்து "நீ". ஆட்டம் முடிந்து கதவருகே போனால் மறுபடி "நீங்கள்". இந்த ஏற்பாட்டை யாரும் எனக்கு விளக்கவில்லை. ஜெர்மனியில் எட்டு வருடம் இருந்து நான் புரிந்துகொண்ட மரியாதை விதிகளைவிட இது நுட்பமானது.

ஆட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குப் பத்துச் சீட்டு. முதலில் மூன்று மூன்றாகப் போட்டுவிட்டு இரண்டு சீட்டை மேசை நடுவில் கவிழ்த்து வைப்பார்கள். அதற்குப் பெயர்தான் ஸ்காட். பிறகு நான்கு நான்கு, மறுபடி மூன்று மூன்று. கேள்வியில், அதாவது ஏலத்தில், ஜெயித்தவர் தனியாள். மற்ற இருவரும் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் கூட்டு. தனியாள் நடுவில் இருக்கும் இரண்டையும் எடுத்துப் பார்த்து, வேண்டாத இரண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துருப்பைச் சொல்வார். கவிழ்த்தவற்றின் புள்ளி கடைசியில் அவர் கணக்கில் சேரும். நான்கு ஜாக்கிகளும் எப்போதுமே துருப்பு. கிளாவர் ஜாக்கி, இஸ்பேட் ஜாக்கி, ஆட்டின் ஜாக்கி, டைமன் ஜாக்கி என்ற வரிசையில் இறங்கும். அவற்றுக்குக் கீழே, சொன்ன இனத்தின் ஆஸ், பத்து, ராஜா, ராணி, ஒன்பது, எட்டு, ஏழு. ஆக, துருப்பு மொத்தம் பதினொன்று. இறக்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். இல்லையென்றால் வெட்டலாம், அல்லது எதையாவது தள்ளலாம். இன்னும் இரண்டு வகை உண்டு. கிராண்டில் நான்கு ஜாக்கிகள் மட்டுமே துருப்பு. நுல் என்பதில் துருப்பே கிடையாது. அதில் தனியாள் ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. பத்தும் ஜாக்கியும் அதில் தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்: ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து.

இதெல்லாம் அரை மணி நேரப் பாடம். இடறியது சீட்டிலேயே.

முதல் சனிக்கிழமை என் 32 சீட்டுக் கட்டைப் பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கட்டை எடுத்தார். அதில் கிளாவர் இல்லை, இஸ்பேட் இல்லை, ராணி ஒருத்தி இல்லை. சாக்சனி, தூரிங்கன் பக்கத்துப் பழைய ஆட்டக்காரர்கள் ஜெர்மன் சீட்டில்தான் ஆடுவார்கள். கிளாவர் இருக்க வேண்டிய இடத்தில் கருவாலிக்கொட்டை, இஸ்பேட் இடத்தில் பச்சை இலை, ஆட்டின் மட்டும் சிவப்பு இதயமாகவே, டைமன் இடத்தில் சலங்கை மணி. ராணிக்குப் பதில் ஓபர், ஜாக்கிக்குப் பதில் உன்டர். மேலாள், கீழாள் என்று பொருள். இரண்டுமே ஆண்கள். இனத்தின் குறி மேலே இருந்தால் மேலாள், கீழே தள்ளி இருந்தால் கீழாள். வேகமாக விழும் சீட்டில் எனக்கு இருவரும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரிந்தார்கள். ஆஸ் இருக்கும் இடத்தில் டௌஸ் என்று ஒன்று. அதில் இரண்டு குறிகள் வரைந்திருக்கும். பெயரே இரண்டு என்பதிலிருந்து வந்ததுதான். இரண்டாம் நம்பர் சீட்டு ராஜாவுக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்ட கதை. அரசியலில் பார்க்காததா?

இதைச் சரிசெய்ய ஒரு சின்ன வேலை செய்தேன். உருவியெடுத்த இருபது சீட்டில் ஒன்றின் முகத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி இரண்டு வரிசை எழுதினேன். மேலே நம் இனங்கள், கீழே அவர்களுடையவை. மேசையில் என் முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டேன். இரண்டு சனிக்கிழமை அது நின்றது. மூன்றாவது வாரம் அம்மாள் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார். அவர் வேண்டுமென்றே செய்தார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். நல்லதாகப் போயிற்று. போட்டிகளில் ஆடுபவர்களுக்கு இந்தச் சண்டை இல்லை. உருவம் நம் சீட்டு மாதிரியும் நிறம் ஜெர்மன் சீட்டு மாதிரியும் ஒரு சமரசக் கட்டு இருக்கிறது. அதில் இஸ்பேட் பச்சை, டைமன் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. நாடு ஒன்றான பிறகு வந்த ஏற்பாடு.

கேள்வி கேட்பதற்கு வருகிறேன். ஸ்காட்டின் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. எனக்குப் பத்து வாரம் பிடித்ததும் இங்கேதான்.

சீட்டுப் போட்டவருக்கு இடப்பக்கம் இருப்பவர் கேட்டுக்கொள்பவர். அவருக்கு அடுத்தவர் சொல்பவர். போட்டவர் கடைசியில் சேர்ந்துகொள்வார். "போடு, கேள், சொல்" என்று மேசையை விரலால் தொட்டுத் தொட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார். சொல்பவர் எண்ணைச் சொல்ல, கேட்பவர் "ஆம்" என்பார் அல்லது விலகுவார். முதல் நாள் காதில் விழுந்தது இது:

"பதினெட்டு?"

"ஆம்."

"இருபது?"

"ஆம்."

"இரண்டு?"

"ஆம்."

"பூஜ்யம்?"

இருபதுக்குப் பிறகு இரண்டும் பூஜ்யமும் எப்படி வரும்? ஏலம் மேலே போகிறதா, கீழே போகிறதா? சிரித்து முடித்துவிட்டு விளக்கினார்கள். இரண்டு என்றால் 22. பூஜ்யம் என்றால் 23, ஏனென்றால் நுல் ஆட்டத்தின் மதிப்பு 23. அடுத்து "நான்கு" என்றால் 24. பிறகு 27, 30, 33, 35, 36, 40 என்று படி தாவித் தாவி ஏறும். 19, 21, 25 எல்லாம் கிடையாது. ஏன் கிடையாது என்பதில்தான் விஷயம். இந்த எண்கள் வெறும் சவால் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் உண்மையான ஆட்டத்தின் விலை. பத்தொன்பது விலையில் ஸ்காட்டில் ஆட்டமே இல்லை.

விலைப்பட்டியல் இப்படி: டைமன் 9, ஆட்டின் 10, இஸ்பேட் 11, கிளாவர் 12, கிராண்ட் 24. இதை எதனால் பெருக்குவது? உச்சியிலிருந்து, அதாவது கிளாவர் ஜாக்கியிலிருந்து, துருப்பு வரிசையாக எத்தனை உங்கள் கையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். இல்லாவிட்டால், உச்சியிலிருந்து வரிசையாக எத்தனை இல்லை என்று எண்ணுங்கள். அதோடு "ஆட்டம்" என்று ஒன்றைக் கூட்டுங்கள். கிளாவர் ஜாக்கியும் இஸ்பேட் ஜாக்கியும் இருந்து ஆட்டின் ஜாக்கி இல்லையென்றால் "இரண்டோடு, ஆட்டம் மூன்று". ஆட்டின் துருப்பென்றால் 30. கிளாவர் ஜாக்கி இல்லை, இஸ்பேட் ஜாக்கி இருக்கிறது என்றால் "ஒன்றில்லாமல், ஆட்டம் இரண்டு". எதிரணி முப்பதைத் தாண்டாவிட்டால் இன்னொன்று கூடும். அதற்கு ஷ்னைடர் என்று பெயர், தையல்காரர் என்று பொருள். அவர்களுக்கு ஒரு பிடியும் கிடைக்காவிட்டால் மேலும் ஒன்று. ஸ்காட்டைத் தொடாமலே ஆடினாலும் ஒன்று. தோற்றால் மொத்தமும் இரட்டிப்பாகக் கழியும். மிகச் சிறிய விலை 18 ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்: டைமன் 9, பெருக்கல் 2.

இருப்பதற்குக் கிடைக்கும் அதே மதிப்பு இல்லாமைக்கும் கிடைக்கும் என்பது எனக்கு வெகுநாள் ஏறவில்லை. நான்கு ஜாக்கியும் இருப்பவனும் நான்கும் இல்லாதவனும் ஒரே விலைக்குக் கேட்கலாமாம். இது என்ன நியாயம் என்று பெரியவரிடம் சண்டைக்கே போனேன். "இல்லாமல் ஜெயிப்பதுதானே கஷ்டம்?" என்றார். மறுபேச்சு வரவில்லை.

இந்த விதியின் கொடுக்கு எங்கே இருக்கிறது என்று டிசம்பர் மூன்றாம் சனிக்கிழமை தெரிந்தது. அந்தச் சுற்றை நோட்டில் சீட்டு சீட்டாக எழுதி வைத்திருக்கிறேன்.

என் கை: ஆட்டின் ஜாக்கி, டைமன் ஜாக்கி. இஸ்பேட்டில் ஆஸ், ராஜா, ஒன்பது, ஏழு. கிளாவரில் ஆஸ், ராஜா. ஆட்டின் எட்டு, டைமன் ஒன்பது. (ஜெர்மன் சீட்டுதான், இங்கே நமக்குப் பழகிய பெயரில் எழுதுகிறேன்.) இஸ்பேட் துருப்பென்றால் ஆறு துருப்பு. பெரிய ஜாக்கி இரண்டும் இல்லை, மூன்றாவது இருக்கிறது. இரண்டில்லாமல், ஆட்டம் மூன்று. 11 பெருக்கல் 3, 33. அதுவரை போகலாம். நான் கேட்டுக்கொள்பவன். பெரியவர் உடனே விலகிவிட்டார். அம்மாள் விடவில்லை. பதினெட்டு, இருபது, இரண்டு, பூஜ்யம், நான்கு, ஏழு, முப்பது என்று ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே போனார். முப்பத்துமூன்று என்றார். ஆம் என்றேன். விலகினார்.

நடுவிலிருந்த இரண்டையும் எடுத்தேன். ஒன்று டைமன் எட்டு. மற்றது கிளாவர் ஜாக்கி. கட்டிலேயே பெரிய சீட்டு. இவர்கள் அதைக் "கிழவன்" என்பார்கள். கிழவனே வீடு தேடி வந்துவிட்டான்! டைமன் எட்டையும் ஒன்பதையும் கவிழ்த்து வைத்துவிட்டு இஸ்பேட் என்றேன். ஏழு துருப்பு கையில். பெரியவர் முகத்தில் ஏதோ ஓடியதைக் கவனித்தேன், பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

கிழவனை இறக்கினேன். பெரியவர் இஸ்பேட் எட்டு, அம்மாள் ராணி. அடுத்து ஆட்டின் ஜாக்கியை இறக்கினேன். பெரியவர் இஸ்பேட் ஜாக்கியால் பிடித்தார். அம்மாளிடம் மிஞ்சிய ஒரே துருப்பு பத்து, அதைப் போட்டாக வேண்டும். பதினான்கு புள்ளி போயிற்று. எதிரணியின் துருப்பும் அதோடு தீர்ந்தது. பெரியவர் ஆட்டின் ஆஸை வைத்தார். அம்மாள் அதன்மேல் ஆட்டின் பத்தைத் தூக்கிப் போட்டார். நான் எட்டைப் போட்டேன். 21. அடுத்து ஆட்டின் ராஜா வந்தது. இஸ்பேட் ராஜாவால் வெட்டினேன். கிளாவர் ஆஸ் எனக்கு ஓடியது. கிளாவர் ராஜாவைப் பெரியவரின் பத்து விழுங்கியது. இன்னொரு 14. அதற்குமேல் என் கையில் துருப்பு மட்டுமே. மீதி எல்லாம் எனக்கு. எண்ணினோம். அவர்களுக்கு 49, எனக்கு 71.

தோளை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பெரியவர் பென்சிலை எடுத்து என் பத்தியில் −66 என்று எழுதினார்.

எழுத்துப்பிழை என்று நினைத்தேன். அவர் என் முன்னால் கிழவனை எடுத்து வைத்தார். "இவன் உன்னிடம் இருக்கிறானா? இருக்கிறான். அடுத்தவன் இருக்கிறானா? இல்லை. அப்படியானால் ஒன்றோடு, ஆட்டம் இரண்டு. இஸ்பேட் 22. நீ சொன்னது 33."

கிழவன் வந்ததால் என் "இரண்டில்லாமல்" போய்விட்டது. கையில் நல்ல சீட்டு வந்து சேர்ந்ததாலேயே ஆட்டத்தின் விலை 33இலிருந்து 22க்கு விழுந்துவிட்டது. சொன்ன விலைக்கு ஆட்டம் தேறவில்லையென்றால் எத்தனை புள்ளி எடுத்தாலும் தோல்விதான். கேட்ட எண்ணை எட்டும் மடங்கு 33, இரட்டித்தால் 66. எதிரணியை முப்பதுக்குள் அடக்கி ஷ்னைடர் பெற்றிருந்தால் ஒரு மடங்கு கூடி 33 ஆகித் தப்பியிருப்பேன். 49 விட்டுக்கொடுத்தவனுக்கு அந்தப் பேச்சு எதற்கு. கிளாவரைத் துருப்பாக்கினாலும் 24தான். கிழவனைப் பார்த்த கணத்தில் கிராண்ட் என்று சொல்லியிருக்க வேண்டும், விலை 48, வேறு வாசலே இருக்கவில்லை என்றார் பெரியவர். தோற்றால் 96 கழியுமே என்றேன். "66 என்ன, பரிசா?" என்றார் அம்மாள்.

அம்மாளின் கையையும் பிறகு பார்த்தேன். ஒரு ஜாக்கிகூட இல்லை. இஸ்பேட்டில் பத்து, ராணி, அதுபோக ஆட்டினில் நான்கு, கிளாவரில் இரண்டு, டைமனில் இரண்டு. ஆடுவதற்கான கையே இல்லை. ஜாக்கி நான்கும் இல்லாதவருக்கு எந்தத் துருப்பாட்டமும் குறைந்தது ஐந்து மடங்கு விலை என்பதால் கேள்வி அவருக்கு மலிவு. சும்மா ஏற்றிவிட்டிருக்கிறார். எழுபத்துமூன்று வயது, கையால் பின்னிய கம்பளிச் சட்டை, முகத்தில் சர்ச் களை.

அன்று இரவு மாடிக்கு வந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தேன். ஜெயித்ததை எழுதுவதில்லை, தோற்றதை மட்டும் எழுதுவது என்று முடிவு. தேதி, கை, கேட்ட எண், ஸ்காட்டில் வந்தது, எங்கே போனது. அடுத்த வாரம் இதைச் சொன்னபோது பெரியவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஸ்காட்டுக்கே பிறப்புச் சான்றிதழ் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம்தானாம். ஆல்டன்பர்க்கில் ஃபொன் டெர் கபெலென்ஸ் என்ற பிரமுகர் சீட்டில் வென்றதையும் தோற்றதையும் வருடக்கணக்கில் விடாமல் எழுதி வைத்திருந்தார். ஸ்காட் என்ற சொல் முதன்முதலில் தென்படுவது அவருடைய 1813ஆம் ஆண்டுக் குறிப்பில். தள்ளிவைத்தது என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர். பழைய டாரொக் ஆட்டத்தில் சீட்டைக் கழித்து வைக்கும் பழக்கத்தை உள்ளூர் ஆட்டத்தோடு ஒட்டுப் போட்டு அந்த ஊர்க்காரர்கள் உருவாக்கியது. கலைக்களஞ்சியம் அச்சிட்ட பிராக்ஹவுஸும் அந்தச் சீட்டுக் கூட்டத்தில் ஒருவர். மந்திரியும் வக்கீலும் பதிப்பாளரும் உட்கார்ந்து செய்த விதி என்பதால்தான் இப்படி நுணுக்கி நுணுக்கி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நோட்டு ஒன்றரை மாதத்தில் பேச ஆரம்பித்தது. ஜனவரி முடிவில் புரட்டினால் தனியாளாகத் தோற்றவை முப்பத்தொன்று. அதில் கேள்வியில் அளவு மீறியவை நான்கே. பேராசை என்று நானே திட்டிக்கொண்டிருந்த காரணம் வெறும் நான்கு. பதினான்கு ஆட்டங்களில் கடைசிக் கட்டம் "துருப்பு இன்னும் எத்தனை வெளியே?" என்ற கேள்விக்குறியோடு நின்றிருந்தது. எண்ணவில்லை, அவ்வளவுதான். இருபத்தெட்டில் எண்ணாமலே ஓட்டியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்த மாமா எண்ணுவார்.

இதற்கு ஒரு பயிற்சி செய்தேன், பலித்தது. வீட்டிலிருந்த இன்னொரு கட்டின் 32 சீட்டையும் கலைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே புள்ளியை வாய்விட்டுக் கூட்டுவேன். 120இல் முடிய வேண்டும். முதல் நாள் 117இல் முடிந்தது, மறுநாள் 126. ஒரு வாரத்தில் சரியாக வந்தது. பிறகு கடைசி மூன்று சீட்டைத் திருப்பாமல் அவற்றில் எத்தனை புள்ளி என்று சொல்லிவிட்டுத் திருப்புவேன். பிறகு புள்ளியோடு துருப்பையும் சேர்த்து, பதினொன்றிலிருந்து கீழ்நோக்கி. இரண்டு எண்ணிக்கை ஒரே நேரத்தில் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் ஓடுவதற்குப் பிப்ரவரி பாதியாகிவிட்டது. சமையலறையில் ரசம் கொதிக்கும் நேரத்துக்குள் ஒரு கட்டு முடியும். ரசம் இரண்டு முறை பொங்கியிருக்கிறது.

தனியாள் ஆட்டத்தை விட எனக்குப் பிடித்துப்போனது எதிரணி ஆட்டம். இருபத்தெட்டில் கூட்டாளி எதிரே உட்கார்ந்திருப்பவர்தான். இரவு முழுக்க அவரே. இங்கே சுற்றுக்குச் சுற்று மாறும். போன ஆட்டத்தில் என்னை ஏற்றிவிட்டுக் கவிழ்த்தவர் இந்த ஆட்டத்தில் என் கூட்டு. கூட்டாளி பிடி எடுக்கிறார் என்று உறுதியானால் நம் கையிலிருக்கும் கனத்த சீட்டை அதில் கொட்ட வேண்டும். மசகு போடுவது என்பார்கள். மேலே அம்மாள் ஆட்டின் பத்தைப் போட்டாரே, அதுதான். எனக்கு இது வரவே மாட்டேன் என்றது. பத்தைக் கையில் வைத்திருந்தால் பத்திரம் என்று ஒரு நினைப்பு. வைத்திருந்த பத்து கடைசியில் துருப்புக்கு இரையாகும். நோட்டின் பின்பக்கத்தில் "பத்தைப் பிடித்து வைத்தேன்" என்ற வரி மட்டும் ஒன்பது இடத்தில் இருக்கிறது.

எதை இறக்குவது என்பதற்கு இவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: பாதை குட்டையென்றால் இனம் நீளம், பாதை நீளமென்றால் இனம் குட்டை. நீங்கள் இறக்கியதும் அடுத்த சீட்டு தனியாளுடையது என்றால் அது குட்டைப் பாதை. உங்களிடம் நிறைய இருக்கும் இனத்தை இறக்குங்கள். அவரிடம் அது இல்லாமல் போகலாம், வெட்டித் துருப்பை இழப்பார், பின்னால் வரும் கூட்டாளி பார்த்து முடிவெடுக்கலாம். தனியாள் கடைசியில் போடுபவர் என்றால் நீளப் பாதை. உங்களிடம் குறைவாக இருக்கும் இனத்தை இறக்கிச் சீக்கிரம் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இதை அப்படியே நம்பிப் போனால் பத்துக்கு ஏழு தடவை பழுதில்லை. மீதி மூன்றில் அம்மாள் முறைப்பார்.

மன்றங்களில் இதே ஆட்டத்துக்கு வேறு கணக்கு. மூன்று பேர் மேசையில் 36 ஆட்டம் ஒரு பட்டியல். தனியாள் ஜெயித்தால் ஆட்ட மதிப்போடு 50 கூடும், தோற்றால் 50 கழியும், அந்தத் தோல்விக்கு எதிரணி இருவருக்கும் ஆளுக்கு 40. எங்கள் மேசையில் அதெல்லாம் இல்லை. வெறும் புள்ளி, புள்ளிக்கு அரை சென்ட். −66க்கு 33 சென்ட் என்று அன்றைக்கே காசாக ஜாடியில் போட வேண்டும். ஊறுகாய் ஜாடி, மூடியில் துளை. பிப்ரவரி கடைசியில் கவிழ்த்தபோது முப்பத்தெட்டு யூரோ சொச்சம் இருந்தது. யார் காசு அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காசில் மூவரும் ஆல்டன்பர்க் போய்வருவது என்று முடிவானது.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஆல்டன்பர்க். சீட்டுக்கென்றே வாழும் ஊர். 1832இல் சீட்டு அச்சடிக்கும் ஆலை தொடங்கியது. கோட்டை அரண்மனைக்குள் சீட்டு அருங்காட்சியகம். 1886இல் முதல் ஸ்காட் மாநாடு கூடி விதிகளை ஒழுங்குபடுத்தியது இங்கேதான். ஸ்காட் வழக்குகளுக்கு ஒரு நீதிமன்றமே இங்கே இருக்கிறது. வெளிப்பட்டது சீட்டா இல்லையா, சொன்னது கேள்வியா இல்லையா என்றெல்லாம் எழுதி அனுப்பித் தீர்ப்பு வாங்கலாம். நான் −66ஐ மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். பெரியவர் அதைச் சிரிப்புக்குரியதாகக் கருதவில்லை.

ஊர் நடுவில் ஸ்காட் நீரூற்று இருக்கிறது, 1903இல் வைத்தது. உச்சியில் நான்கு ஜாக்கிகள் கட்டிப்புரண்டு சண்டை போடுகிறார்கள். புதுக் கட்டை அந்த நீரில் நனைத்தால் நல்ல சீட்டு விழும் என்று நம்பிக்கை. பெரியவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். நான் நவம்பரில் மேசையோரம் விட்டுவந்த என் கட்டின் கிளாவர் ஜாக்கி. பத்திரமாக எடுத்து வந்திருக்கிறார். நன்றாக முக்கி எடுத்தேன்.

இங்கேதான் கடைசிப் பழுது. புதுச் சீட்டுகளுக்கு மேலே மெழுகுபோன்ற பூச்சு இருக்கும், நீர் ஓடிவிடும். என்னுடையது ஊரில் வாங்கிய மலிவான அட்டை. ரயிலில் திரும்பும்போதே ஊதத் தொடங்கிவிட்டது. வீட்டில் அகராதிக்கு அடியில் இரண்டு நாள் அழுத்தி வைத்தேன். தட்டையானது, ஆனால் ஓரம் அலையலையாக நின்றது. கட்டில் எங்கே கிடந்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்தது. யார் கையில் கிழவன் இருக்கிறான் என்று மூவருக்கும் தெரியும் ஆட்டத்தில் கேள்விக்கு என்ன வேலை?

இன்னொரு பழைய கட்டின் கிளாவர் ஜாக்கியைச் சேர்க்கலாம் என்று பார்த்தால் அதன் முதுகு நீலம், இதன் முதுகு சிவப்பு. இஸ்திரிப்பெட்டியை மெல்லிய துணி விரித்து இளஞ்சூட்டில் ஓட்டினேன். ஒரு மூலையில் மேல்தாள் பிரிந்து வந்தது. மைதாப் பசை தடவி ஒட்டினேன். இப்போது அலையோடு ஒரு தடிப்பும்.

சனிக்கிழமை கிழவனைக் கொண்டுபோய் மேசையில் வைத்து நிலவரத்தைச் சொன்னேன். அம்மாள் கிழவனைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்.

"மற்ற முப்பத்தொன்றையும் கொண்டு வா" என்றார்.